பெடலில் கால் இல்லை

எங்கள் கம்பெனிக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு இன்ஜினீயரிங் மேனேஜர் வந்து சேர்ந்தான். அவனுக்கு நான் வைத்த பெயர் சீப்பு. வயரைக் கண்டால் வாரிவிடாமல் அவனுக்குச் சோறு இறங்காது. எந்த மின்சாரப் பேனலைத் திறந்தாலும் உள்ளே வேலை நடக்கிறதா என்று பார்க்க மாட்டான். வயரெல்லாம் வகிடெடுத்த மாதிரி நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். இல்லையென்றால் முகத்தைச் சுளிப்பான். இருந்தால் போட்டோ எடுப்பான். அந்தப் போட்டோக்களை ஆபீஸ் சுவரில் வரிசையாக ஒட்டி, "இந்த மாதத்தின் சிறந்த பேனல்" என்று ஒன்றுக்கு ரிப்பன் வேறு குத்தியிருந்தான். பேனலுக்கு அழகுப் போட்டி! என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் பார்க்காத கூத்து.

நாங்கள் செய்வது செருப்புக்கு அடிப்பாகம் வெட்டுவதற்கான ரப்பர் ஷீட். அதில் முதல் வேலை உருளை மெஷினில். இரண்டு பெரிய இரும்பு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். நடுவில் ரப்பரைப் போட்டால் மாவு பிசைவது போலப் பிசைந்து தள்ளும். அந்த மெஷினில் நிற்பவள் என் கூடப்பிறந்த அக்கா. எனக்கு மூன்று வருஷம் முன்னாலேயே அங்கே சேர்ந்தவள். கெஞ்சிக் கூத்தாடி எனக்கு அங்கே எலக்ட்ரீஷியன் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

மெஷினின் அடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் உருளை மெல்லக் கிளம்பும். காலை எடுத்தால் நிற்கும். ஒரு லோடு முடிந்ததும் காலை எடுத்துவிட்டு, உருளையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, துணியால் துடைத்துவிட்டு, அடுத்த லோடைப் போடுவார்கள். எல்லா ஷிப்டிலும் இப்படித்தான்.

உருளையைச் சுற்றும் மோட்டாரை ஓட்டும் பேனல் என் கைவேலை. உள்ளே பார்த்தால் குருவிக்கூடு மாதிரி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினாலு வருஷத்தில் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் காய்ச்சலில் நாலு நாள் படுத்தேன். அந்த நாலு நாளில், வெளிநாட்டிலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி, சீப்பு ஆளை வைத்து என் பேனலைக் குடலை உருவி மறுபடி அடுக்கிவிட்டான். நான் திரும்பி வந்தபோது கதவுக்குப் புதுப் பெயின்ட். சுவரில் போட்டோ. அதில் ரிப்பன். எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. "உன் பிள்ளையை நீயே கொஞ்சிக்கோ" என்று விட்டுவிட்டேன். மெஷின் ஓடியது. அவன் காரை எடுத்துக்கொண்டு போய்வந்தான். நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் காறித் துப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு வாரத்தில் அக்கா வந்து, "டேய், இந்த உருளை சில நேரம் தானா துள்ளுதுடா" என்றாள்.

"உருளை துள்ளல, உன் கால் துள்ளுது. வயசாச்சுல்ல" என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். "மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கா? வேப்பிலை அடிக்கணுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறந்ததுமே, "போக்கா, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவளுக்கு டிரைவ் பேனலைப் பற்றி என்ன தெரியும்?

ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. நான் கேன்டீன் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டு ஓடினேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் துடைக்கிற துணியாலேயே சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. அவள் அழவில்லை. என்னைப் பார்த்ததும், "பெடல்ல கால் இல்லடா" என்றாள். அவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்கவைத்த பிறகு நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "கொஞ்சம் பாத்து நின்னிருக்கலாம்லக்கா. அவசரத்துல மிதிச்சிருப்ப" என்றேன். ஆறுதலாகப் பேசுகிறேன் என்று நினைப்பு எனக்கு. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கிளம்பும் வரை திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்திருந்தேன்; சீப்பு அங்கேயே வந்துவிட்டான். சென்ட் வாசனை அவனுக்கு முன்னால் படியேறி வந்தது. கையில் ஒரு தாள். "என் கவனக்குறைவால் பெடலை மிதித்துவிட்டேன்" என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் அக்காவுக்குப் பேக்கிங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. போடாவிட்டால் திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அது முடிந்ததும் வேலையிலிருந்து நீக்கம்.

"நான் மிதிக்கல சார்" என்றாள் அக்கா.

"மிதிக்காம எப்படிம்மா சுத்தும்? பேனல் பக்காவா இருக்கு, நானே நின்னு செஞ்சது. கையெழுத்துதானே? இடது கையால போட்டாலும் செல்லும்."

இடது கையால் போட்டாலும் செல்லுமாம்! அவனைப் பெற்றவள் அதைக் கேட்டிருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். நான் என்ன செய்தேன்? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவன் போனதும் அக்காவிடம் சொன்னேன். "போட்டுத் தொலைச்சிடுக்கா. வேலையாவது மிஞ்சும். வீம்பு பிடிச்சு என்ன ஆகப்போகுது?"

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவங்க பொய் சொல்லி நீங்க எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"உன்ன யாரு கேட்டா?"

"உக்காருடா" என்றாள் அக்கா. சின்ன வயசில் என்னைக் கணக்குப் போட வைப்பதற்கு அதட்டுவாளே, அதே குரல். உட்கார்ந்தேன்.

"பெடலை மிதிச்சா உருளை எப்படிக் கிளம்பும்? சொல்லு."

"மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

"முழு வேகம் வர எட்டு செகண்டு. நான்தான் செட் பண்ணேன்."

"அன்னைக்கு அப்படி வரல. டக்குனு ஒரே அடி. நாலு விரல் அகலம் நகந்துச்சு, நின்னுடுச்சு. நான் மிதிச்சிருந்தா மெதுவாதானே இழுக்கும்? கையை உருவியிருப்பேன்ல? இருபத்தஞ்சு வருஷமா நிக்கறேன்டா அதுல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. எப்ப துள்ளினாலும் அதுக்கு முன்னால பக்கத்துல காத்தடைக்கிற கம்ப்ரஸர் கிளம்பற சத்தம் கேக்கும். அதையும் சொல்லத்தான் மூணாவது வாட்டி வந்தேன். நீ போயிட்ட."

அவள் சொன்னதில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லை.

அந்தப் பேனலுக்குள் தைரிஸ்டர் என்று மூன்று சாமான்கள் இருக்கின்றன. மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுக்க அவை வழியாகத்தான் போயாக வேண்டும். சும்மா இருக்கும்போது வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும். கேட் என்று அதற்கு மெல்லிசாக ஒரு கால் உண்டு. அதில் ஒரு சின்னத் துடிப்பைக் கொடுத்தால் திறந்துகொள்ளும். டார்ச் லைட்டில் போடுகிற இரண்டு பேட்டரியின் பலம் போதும். திறந்தால் திறந்ததுதான். கேட்டில் கொடுத்ததை நிறுத்தினாலும் மூடாது. சில பேர் இருப்பார்கள், காதில் ஒரு சொல் விழுந்தால் போதும், கிளம்பிவிடுவார்கள், பின்னாலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். இதுவும் அந்த ஜாதகம். ஏறி இறங்கும் மின்சார அலை வடிந்து, கரண்ட் தானாக ஓய்ந்தால்தான் மூடும்.

பெடலை மிதித்தால் கன்ட்ரோல் கார்டு என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு அலையும் முடியப்போகிற சமயம் பார்த்துத் துடிப்பைக் கொடுக்கும். அதனால் முதலில் மோட்டாருக்குத் துளித்துளியாகத்தான் போகும். பிறகு துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தும், வேகம் கூடும். மெல்லக் கிளம்புவதன் சூட்சுமம் அவ்வளவுதான். கார்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது, அலையின் ஆரம்பத்திலேயே எங்கிருந்தோ ஒரு பொய்த் துடிப்பு கேட்டுக்குள் நுழைந்துவிட்டால்? அந்த அலை முழுசாக, ஒரே அடியாக மோட்டாரில் இறங்கும். டக்கென்று நாலு விரல் அகலம் நகர்ந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க நான் மீட்டரும் ஸ்கோப்பும் வைத்து அரை நாள் உருட்டியிருப்பேன். எட்டாவது படித்த என் அக்கா அடிபட்ட கையோடு பாயில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய் அந்தப் பேனல் கதவைத் திறந்தேன், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக.

கேட்டுக்குப் போகும் வயர் ஜோடியை ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறி ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போகும். குட்டையாக இருக்க வேண்டும். பெரிய மோட்டார் கேபிள் எதற்கும் பக்கத்தில் போகக்கூடாது. கேட்டின் வாசலில் ஒரு சின்ன ரெசிஸ்டர், ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். தப்பித் தவறி வரும் துடிப்பை அவை விழுங்கிவிடும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி.

சீப்பு என்ன செய்திருந்தான் தெரியுமா? முறுக்கையெல்லாம் பிரித்து, நேராக வாரியிருந்தான். முக்கால் சாண் வயரை இரண்டு மீட்டராக நீட்டி, ஓரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். பக்கத்துப் பேனலுக்குப் போகிற கம்ப்ரஸர் கேபிள் தனியாகக் கிடந்தால் பார்வைக்கு நன்றாக இருக்காதே, அதையும் இழுத்து இதோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தான். சாணுக்கு ஒரு இடத்தில் வயரைக் கட்டும் வெள்ளை டை, வயருக்கு ஒரு நம்பர் ஸ்டிக்கர். ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் காணவே காணோம். நான் வைத்தது கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கும்; அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டி எறிந்திருக்கிறான் படித்த முட்டாள். கம்ப்ரஸர் கிளம்பும்போது கேபிளில் பாயும் கரண்டுக்குப் பக்கத்திலேயே இந்த வயர் படுத்துக் கிடந்தால் துடிப்பு ஏறாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் ஏறாது. அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எப்போதாவது ஏறும். அதனால்தான் இரண்டு மாதம் யாருக்கும் பிடிபடவில்லை.

எதையும் தொடாமல் கதவைச் சாத்திவிட்டு பத்து மணிக்காகக் காத்திருந்தேன். அவனை எல்லார் முன்னாலும் தோலை உரிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

விசாரணை மெஷின் பக்கத்திலேயே நடந்தது. முதலாளிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவருக்கு ரப்பரும் தெரியாது, கரண்டும் தெரியாது. வாட்சைப் பார்க்கத் தெரியும். சீப்பு ஃபைலோடு நின்றான். அக்கா கழுத்திலிருந்து தொங்கிய தூளித் துணியில் கையைப் போட்டபடி நின்றாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

"சார், பேனலைப் பாருங்க. ஒவ்வொரு வயருக்கும் நம்பர் இருக்கு. இதுல தப்பு வர வாய்ப்பே இல்ல. பெடலை மிதிக்காம இந்த மெஷின் நகரவே நகராது" என்றான் சீப்பு.

"நகரவே நகராதா?" என்றேன்.

"நகராது, மிஸ்டர்."

நான் பெடலின் வயரைக் கழற்றினேன். பெடலைத் தூக்கி முதலாளியின் மடியில் வைத்தேன். "பிடிச்சுக்கங்க சார். உங்க கிட்டயே இருக்கட்டும்." அவர் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு துணியை எடுத்து உருளைகளுக்கு நடுவே ஓரத்தில் வைத்தேன். கம்ப்ரஸர்காரருக்குக் கையைக் காட்டினேன். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

உருளை அசையவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை. மூன்றாம் தடவை, நாலாம் தடவை, ஒன்றுமில்லை. முதலாளி வாட்சைப் பார்த்தார். சீப்பு வாய்விட்டுச் சிரித்தான். "என்ன மிஸ்டர், மந்திரம் எதுவும் சொல்லணுமா?" ஐந்தாவது தடவையும் போடச் சொன்னேன், ஒன்றுமில்லை. அக்கா மட்டும் கண்ணை எடுக்காமல் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது தடவை கம்ப்ரஸர் கிளம்பியதும், டக். உருளை ஒரு வெட்டு வெட்டி நின்றது. துணியின் முனை உள்ளே போயிருந்தது.

முதலாளி மடியிலிருந்த பெடலைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், மறுபடி பெடலைப் பார்த்தார்.

சீப்பு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டான். "சார்... ஆறு தடவைல ஒரு தடவைதானே சார்..."

"எனக்கும் ஒரு தடவைதான் சார்" என்றாள் அக்கா.

முதலாளி ஃபைலிலிருந்து அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்தார். அக்காவின் பக்கம் திரும்பாமலே, "வேலைல இரும்மா" என்றார். என்னிடம், "மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு, ஆர்டர் நிக்குது" என்றார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. பெடலை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கரண்டை நிறுத்திவிட்டு, சீப்பு கட்டிய வெள்ளை டைகளை ஒவ்வொன்றாக வெட்டி அவன் காலடியில் போட்டேன். கேட் வயர்களைக் குட்டையாக வெட்டி முறுக்கினேன். கம்ப்ரஸர் கேபிளை அறைக்கு மறுபக்கம் துரத்தினேன். வாசலில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் வைத்தேன். வேலை செய்துகொண்டே வாயும் ஓடியது. "இதுக்குப் பேருதான் ஒயரிங். போட்டோ எடுத்துக்கறீங்களா சார்? ரிப்பன் இருக்கா?" அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வெல்லமாக இனித்தது.

ஒரு மணிக்கு முடித்தேன். மெஷினுக்குக் கரண்டைக் கொடுத்துவிட்டு, கம்ப்ரஸரை முப்பது தடவை கிளப்பச் சொன்னேன். உருளை சிலை மாதிரி நின்றது. இனி அக்காவின் இடத்தில் நிற்கப்போகும் புதுப் பெண் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மிரண்டுபோய் நின்றாள். "தைரியமா நில்லும்மா. நான் கை வெச்ச பேனல்" என்றேன்.

அக்கா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் வந்தாள்.

"சரியாயிடுச்சா?"

"நூத்துக்கு நூறு."

"அப்ப நீ ஒரு தடவை தொடைச்சுக் காட்டு. இந்தப் பொண்ணு பாக்கட்டும்."

"அதுக்கென்ன!" துணியை வாங்கினேன். இரண்டு எட்டு வைத்தேன். அப்புறம் என் கால் தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். மெயின் சுவிட்சின் பூட்டைத் திறந்தேன், கைப்பிடியைக் கீழே இறக்கினேன், பூட்டினேன், சாவியை இடுப்பில் மாட்டினேன். பிறகு வந்து உருளையைத் துடைத்தேன். நன்றாக, அழுத்தித் துடைத்தேன். திரும்பியபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதை எதுக்குடா அணைச்ச?" என்றாள் அக்கா.

"பழக்கம்க்கா. அணைக்காம எவன் கையை விடுவான்? உயிரோட இருக்கணும்ல?"

"எங்களுக்கு?"

அந்தப் பூட்டைப் போட்டது சீப்பு இல்லை, நான். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும் மெயினை அணைப்பார்கள். மறுபடி பேனலைக் கிளப்ப என்னைக் கூப்பிடுவார்கள், ஷிப்டுக்குப் பத்து தடவை. இதுகளுக்கு மெயின் சுவிட்ச் ஒரு கேடா என்று சொல்லி ஏழு வருஷத்துக்கு முன்னால் அதை அணைக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டேன். அப்போது சீப்பு எந்தக் கம்பெனியில் எதை வாரிக்கொண்டிருந்தானோ. அந்த வியாழக்கிழமை அந்தச் சாவி அக்காவிடம் இருந்திருந்தால் அந்தப் பேனல் எப்படித் துள்ளியிருந்தாலும் அவளுக்கு என்ன? எனக்கு வெட்கமாக இருந்தது. தரையைப் பார்த்தால் நான் வெட்டிப் போட்ட டைகள்தான் கிடந்தன.

அக்கா தூளித் துணியிலிருந்து வலது கையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "குடு."

சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். மிச்சமிருந்த விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை. இடது கையால் எடுத்துப் புதுப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"நீயே வெச்சுக்கம்மா. தொடைக்கறதுக்கு முன்னால அணைச்சுடு. இவனைக் கேக்காத."